பழந்துணியும் தெரிவுரிமையும்
நகர்ப்புறப் பழந்துணிக் கடைகளின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

ஆடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பெரும்பாலானோர் புத்தாடையின் வரலாற்றையே எழுதியுள்ளனர். பருத்தி விளைந்த நிலம், நெசவாளனின் தறி, மான்செஸ்ரர் ஆலை, அரசவையின் பட்டு என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்கள். ஆனால் ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்த உழைக்கும் மக்கள் பல நூற்றாண்டுகளாக உடுத்தவற்றிற் பெரும்பகுதி முன்னர் வேறொருவர் உடுத்துக் கழித்தவை. அவை கைமாறிய சந்தைகளும் கடைகளும் நகர வாழ்வின் இன்றியமையாத உறுப்புகளாக இருந்தன. அரண்மனைகளைப் போல் அவை கல்லில் நிலைத்து நில்லாமையால் வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு எளிதிற் புலப்படவில்லை.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம்மவர் வழக்கு. ஒருவரின் மதிப்பு ஆடையின் புதுமையிலன்று, அதனை அவர் பேணும் முறையிலேயே தங்கியுள்ளது என்ற கருத்து அதில் உள்ளது. எனினும், அக்கந்தை அவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற வினாவை அப்பழமொழி எழுப்பவில்லை. விலை கொடுத்து வாங்கிய பழந்துணியும் இரந்து பெற்ற பழந்துணியும் தோற்றத்தில் ஒன்றாயிருக்கலாம். வாங்கியவர் ஒரு குவியலிலிருந்து தமக்குப் பிடித்ததைத் தெரிந்தெடுத்தார். பெற்றவருக்கோ கொடுப்பவரின் மனமே தெரிவு செய்தது. பழந்துணி வாணிகத்தின் வரலாறு இத்தெரிவுரிமையின் வரலாறாகவும் அமைகின்றது என்பதை இலண்டன் நகரை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடை செல்வமாக இருந்த காலம்

இயந்திரங்கள் தோன்றுமுன் துணி அரும்பொருளாகவே இருந்தது. ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கொடுக்கப் பலர் கையால் நூற்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மேலங்கியினுள் பல மாந்தரின் பல நாள் உழைப்பு அடங்கியிருந்தது. இறப்போர் தம் மரணசாதனங்களில் நிலத்தையும் வீட்டையும் குறிப்பிட்டது போலவே சட்டையையும் மேலங்கியையும் தனித்தனியே குறிப்பிட்டு இன்னாருக்கு இன்னதென எழுதி வைத்தமை இதனாலேயாம். பணம் தட்டுப்பட்ட வேளையில் ஆடையே பணமாயிற்று.

இத்தகைய பெறுமதி வாய்ந்த பொருளைக் கைமாற்றுவோர் நகரத்தில் மதிப்புடன் இருந்ததும் உண்டு. இத்தாலிய நகரமாகிய புளோரன்சில் பழந்துணி வணிகர் லினன் நெசவு வணிகருடன் இணைந்து ஒரு தொழிற்கழகமாக இயங்கினர். 1433ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஓவியராகிய பிரா அஞ்செலிக்கோவைக் கொண்டு தம் மன்றத்துக்குத் திருவுருவப் பேழையொன்றைச் செய்விக்கும் அளவுக்கு அக்கழகம் வளம் பெற்றிருந்தது. வெனிஸ் நகரில் நிலைமை வேறு. 1516இல் அங்கு யூதர்கள் தனியொரு சுற்றாடலுள் அடைக்கப்பட்டபோது அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மிகச்சில தொழில்களுள் பழந்துணி வாணிகமும் ஒன்று. ஓரிடத்தில் மன்றம் அமைத்த தொழில் மற்றோரிடத்தில் ஒதுக்கப்பட்டோரின் தொழிலாயிற்று. பழந்துணியைச் சூழ்ந்த இழிவுணர்ச்சி துணியில் இயல்பாக ஒட்டியிருந்ததன்று, சமூகம் அதன்மீது ஏற்றியது என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகும்.

இங்கிலாந்தில் இன்னார் இன்னதுதான் உடுக்கலாம் என விதிக்கும் சட்டங்கள் இருந்தன. 1363ஆம் ஆண்டுச் சட்டம் உழவன், கைவினைஞன், பிரபு ஆகியோருக்குரிய துணிகளைத் தரம் பிரித்தது. 1604இலேயே இத்தகைய சட்டங்கள் நீக்கப்பட்டன. இச்சட்டங்களுக்கு வழுவிடமாக அமைந்தது பழந்துணி. 1599இல் இலண்டனுக்கு வந்த சுவிற்சலாந்துப் பயணி தோமஸ் பிளாற்றர், பிரபுக்கள் இறக்கும்போது தம் சிறந்த ஆடைகளைப் பணியாளருக்கு விட்டுச் செல்வதையும், அவற்றைத் தாம் உடுத்தல் தகாதென்பதால் பணியாளர் அவற்றை நாடகக் குழுவினருக்குக் குறைந்த விலைக்கு விற்பதையும் எழுதி வைத்துள்ளார். சேக்ஸ்பியர் காலத்து மேடையில் அரசனாகத் தோன்றிய நடிகன் இறந்துபோன ஒரு பிரபுவின் ஆடையையே அணிந்திருத்தல் கூடும். அக்காலத்து நாடக அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோ அடைவு பிடிக்கும் தொழிலையும் நடத்தினார் என்பதும், அவரிடம் அடைவு வைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஆடைகளே என்பதும் அவரது கணக்கேட்டினால் தெரியவருகின்றன.

இலண்டனின் பழந்துணிச் சந்தைகள்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இலண்டன் கோட்டைக்கு அண்மையிலுள்ள றோஸ்மேரி லேன் என்னும் தெருவிலே ‘கந்தைச் சந்தை’ எனப் பெயர் பெற்ற திறந்தவெளிச் சந்தை கூடியது. அதிகாரிகள் இத்தகைய வாணிகத்தை ஐயக் கண்ணுடனேயே நோக்கினர். 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது இலண்டன் நகராட்சி விதித்த கட்டளைகளில் பழைய உடைகளையும் படுக்கைகளையும் தெருவிற் கொண்டு திரிந்து விற்றல் தடைசெய்யப்பட்டது. நோய்ப் பயம் ஒருபுறமிருக்க, களவுப் பயமும் இருந்தது. துணி விலையுயர்ந்ததாகவும் எளிதில் விற்கக்கூடியதாகவும் இருந்தமையால் அக்கால நீதிமன்ற ஏடுகளில் உடைக்களவு அடிக்கடி இடம்பெறுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாணிகம் ஒழுங்கு பெற்றது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1836இல் வெளியிட்ட தமது முதல் நூலிலே, மொன்மவுத் தெருக் கடைகளிற் தொங்கிய பழைய உடைகளை நோக்கி, அவற்றை அணிந்திருந்தோரின் வாழ்க்கையைக் கற்பனை செய்யும் கட்டுரையொன்றைச் சேர்த்துள்ளார். உழைக்கும் மக்களின் வாழ்வை நேரிற் கண்டும் கேட்டும் பதிவு செய்த ஹென்றி மேஹியூ இன்னும் நுணுக்கமான தகவல்களைத் தருகின்றார். வீட்டு வாசல்தோறும் சென்று பழந்துணி வாங்கிய யூதர்கள், அவர்களோடு போட்டியிட்ட அயர்லாந்தியர், ஹவுன்ஸ்டிச் பகுதியில் அமைந்த பழந்துணிப் பரிமாற்று நிலையம், அங்கிருந்து அயர்லாந்துக்குப் பொதிபொதியாகச் சென்ற உடைகள் என அவரது சித்திரம் விரிகின்றது.

பழையதைப் புதியதாக்கும் தனித்தொழில்களும் இருந்தன. வெளிறிய கறுப்பு மேலங்கிக்கு மீண்டும் சாயமேற்றி நூலிழை நீக்கி மினுக்கியோர் ஒரு சாரார். பழைய சப்பாத்துகளைப் பிரித்து வேறு சப்பாத்துகளாக்கியோர் மற்றொரு சாரார். இவர்களை இலண்டன் மக்கள் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர் என்பது தமிழ்ச் சங்கத்தார்க்குச் சுவை பயக்கும் செய்தியாகும்.

இச்சந்தைகளில் துணி வாங்குதல் அறிவும் அனுபவமும் வேண்டிய செயல். முழங்கையும் கழுத்துப் பட்டையும் தேய்ந்துள்ளனவா, தையலோரம் அவிழ்ந்துள்ளதா, சாயம் மறைக்கும் கறை யாது என ஒளியிற் பிடித்து நோக்கிய பின்பே விலை பேசப்பட்டது. மினுக்கிய துணியில் ஏமாறுவோரும் இருந்தனர். ஆயினும், பேரம் பேசி, வேண்டாவிடின் கைவிட்டு அடுத்த கடைக்குச் செல்லும் சுதந்திரம் வாங்குபவருக்கு இருந்தது. கூலித் தொழிலாளி ஒருவர் தம் முதலாளியின் முன் அனுபவிக்க முடியாத சுதந்திரம் இது.

ஆடை அடைவு கடைக்குச் செல்வதும் திரும்புவதும் இக்கால நகர வாழ்வின் இயல்பு. ஞாயிறு உடுத்த நல்லுடை திங்களன்று அடைவுக்குப் போகும். சனிக்கிழமை கூலி கிடைத்ததும் மீட்கப்படும். இலண்டனில் வறுமையில் வாடிய கார்ல் மார்க்ஸ் 1852 பெப்ரவரியில் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திலே, தம் மேலங்கிகள் அடைவிலிருப்பதால் வெளியே செல்ல முடியாதிருப்பதைத் தெரிவித்துள்ளார். பதினைந்து ஆண்டுகளின் பின் 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் பண்டத்தின் பெறுமதியை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 20 யார் லினன் துணி ஒரு மேலங்கிக்குச் சமம் என்பதாகும். மேலங்கியின் பயன்பாட்டுப் பெறுமதியும் பரிமாற்றுப் பெறுமதியும் ஒன்றோடொன்று முரணும் என்பதை அவர் நூலகத்தில் மட்டுமன்றி அடைவு கடையிலும் கற்றிருந்தார் எனலாம்.

கொடையும் அடையாளமும்

சந்தைக்குச் செல்லவும் வழியற்றோர் நிலை யாது? இங்கிலாந்தில் 1697ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்ச்சபையின் உதவி பெற்ற வறியோர் தம் மேலாடையின் வலத் தோளில் வறியோர் என்பதைக் குறிக்கும் எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும். இவ்விதி 1810இலேயே நீக்கப்பட்டது. 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத் திருத்தத்தின் பின் எழுந்த உழைப்பில்லங்களில் புகுவோரின் சொந்த உடைகள் வாயிலிலேயே களையப்பட்டு, எல்லோருக்கும் ஒரே வகையான சீருடை கொடுக்கப்பட்டது.

இவ்விரு ஏற்பாடுகளிலும் ஆடை கொடுக்கப்பட்டது, குளிர் காக்கப்பட்டது. ஆனால் உடுத்தவரின் விருப்பம் கேட்கப்படவில்லை. அவ்வாடை அவரது வறுமையை ஊரறியச் செய்யும் விளம்பரமாகவும் அமைந்தது. சந்தையில் வாங்கிய கிழிந்த மேலங்கியைக் காட்டிலும் இலவசமாகக் கிடைத்த முழுமையான சீருடையை மக்கள் அஞ்சியதேன் என்பதை இதனால் உணரலாம்.

விலை குறித்த கடை

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை இரு வழிகளில் மாற்றியது. முதலாவதாக, துணி மலிந்தது. ஆலை நூலும் ஆலைத் துணியும், 1850களில் பரவத் தொடங்கிய தையல் இயந்திரமும் ஆயத்த ஆடைகளின் விலையைக் குறைத்தன. இரண்டாவதாக, கந்தையும் கைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று. 1813இல் யோக்சயரின் பற்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லோ என்பவர் கம்பளிக் கந்தைகளைக் கிழித்து இழையாக்கிப் புதிய கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் உடுத்து முடியுமுன்னரே ஒதுக்கப்பட்ட உடைகள் குவியலாயின. பணமாகப் பேணப்பட்ட பழந்துணி இப்போது மிகைப்பொருளாயிற்று.

இம்மிகையையும் நகர வறுமையையும் இணைக்கும் எண்ணம் சமய நிறுவனங்களிடையே தோன்றியது. இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் 1890இல் வெளியிட்ட நூலில், வீடுகளிற் கழிக்கப்படும் பொருள்களை வேலையற்றோரைக் கொண்டு சேகரித்துப் பயன்படுத்தும் திட்டத்தை முன்வைத்தார். ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மெதடிஸ்த போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் தொடங்கிய பணி, பின்னர் குட்வில் என்னும் பெயருடன் வளர்ந்தது. செல்வர் வீடுகளிலிருந்து பழந்துணிகளும் தளபாடங்களும் பெறப்பட்டன. வேலையற்ற குடியேறிகள் அவற்றைத் திருத்திக் கூலி பெற்றனர். திருத்தியவை சிறு விலைக்கு விற்கப்பட்டன. கொடுப்பவர் கொடையாகக் கொடுத்தாலும் பெறுபவர் அதனைக் கொடையாகப் பெறவில்லை. இடையில் ஒரு கடையும் ஒரு கூலியும் ஒரு விலைச்சீட்டும் நின்றன. அவ்விலைச்சீட்டில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு சிறிதாயினும், அது குவியலைக் கிளறிப் பார்க்கவும் வேண்டாமென மறுக்கவும் வாங்குபவருக்கு உரிமை கொடுத்தது.

இரண்டாம் உலகப் போர் பழந்துணியை மேலும் பொதுவாக்கியது. பிரித்தானியாவில் 1941 யூன் 1 முதல் உடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் கிடைத்தன. பழைய உடைகளைக் கூப்பனின்றி வாங்க முடிந்தமையால் அதுவரை அத்தகைய கடைகளை எட்டியும் பாராதோர் அங்குச் சென்றனர். பங்கீடு 1949 வரை நீடித்தது. கிரேக்கப் பஞ்ச நிவாரணத்துக்கென 1942இல் ஒக்ஸ்போட் நகரில் உருவான குழு, பின்னாளில் ஒக்ஸ்பாம் எனப்பட்டது, 1940களின் இறுதியில் அந்நகரின் புரோட் தெருவில் தனது கடையை நிறுவியது. இங்கு வேறொரு மாற்றம் நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. ஹெல்ம்சின் கடை, அதில் வாங்கியவருக்கும் அதில் உழைத்தவருக்கும் உதவுவதாக இருந்தது. ஒக்ஸ்பாம் கடையின் வருவாயோ தொலைவிலிருந்த மூன்றாமவருக்குச் சென்றது. ஆகவே பழந்துணி வாங்குவதும் ஓர் அறச்செயலாயிற்று. வாங்குபவர் வறியவராக இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மறைந்தது. 1960களில் இலண்டன் இளைஞர் பழைய இராணுவ மேலங்கிகளை நாகரிகமாக அணிந்து உலாவியபோது பழந்துணியின் சமூகப் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. வசதியுள்ளவருக்குப் பழந்துணி விருப்பம். வசதியற்றவருக்கு அது தேவை. இருவரும் ஒரே கொழுவியை நோக்கிக் கை நீட்டும்போது விலையை நிர்ணயிப்பது விருப்பமே என்பதை மறத்தலாகாது.

பொதிகளின் பயணம்

அறப்பணிக் கடைகளுக்கு வரும் உடைகள் அனைத்தும் அங்கு விற்பனையாவதில்லை. எஞ்சியவை நிறைக் கணக்கில் மொத்த வணிகருக்கு விற்கப்பட்டு, வகை பிரித்து அழுத்திக் கட்டிய பொதிகளாக ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்குக் கப்பலேறுகின்றன. பொதியொன்று பொதுவாக 45 முதல் 55 கிலோகிராம் வரை நிறையுடையது. கொடையாகத் தொடங்கிய பொருள் கடல் கடக்குமுன் பண்டமாகிவிடுகின்றது. கொடுத்தவர் பெரும்பாலும் இதனை அறிவதில்லை.

சாம்பியாவில் இத்துணிகளை ‘சலவுலா’ என்பர். குவியலைக் கிளறித் தெரிந்தெடுத்தல் என்பது பெம்பா மொழியில் அச்சொல்லின் பொருள். வாங்கும் செயலே அங்குப் பொருளின் பெயராகியது. மானிடவியலாளர் கரென் ஹான்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில், லுசாக்கா நகர மக்கள் மேனாட்டார் கழித்ததை மறுபேச்சின்றி ஏற்போர் அல்லர் என்பதைக் காட்டியுள்ளார். துணியின் தரம், நிறம், பிறரிடம் இல்லாத தனித்தன்மை என்பவற்றை அவர்கள் நுணுகி ஆராய்கின்றனர். பொதியில் மடிந்திருந்த சுருக்கம் கலையாத உடையே அவர்களுக்குப் ‘புதியது’. மினுக்கி மடித்த உடை உள்ளூரில் ஒருவர் உடுத்ததாக இருக்கலாமென ஐயுறப்படும். வாங்கியதை உள்ளூர்த் தையற்காரர் பிரித்து மறுபடி தைக்கின்றனர். இலண்டன் ‘மொழிபெயர்ப்பாளர்’ செய்த தொழில் இவ்வாறு வேறொரு கண்டத்தில் தொடர்கின்றது.

ஆயினும் வாங்குபவரின் தெரிவை மட்டும் நோக்கி மனநிறைவு கொள்ளல் இயலாது. கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள கன்ரமன்ரோ சந்தையில் சிறுவணிகர் பொதியைப் பிரித்துப் பாராமலே விலை கொடுக்கின்றனர். உள்ளே நல்லுடை இருக்கலாம். கறைபட்ட கந்தையும் இருக்கலாம். கடன்பட்டு வாங்கிய பொதி பயனற்றதாயின் நட்டம் அவரையே சாரும். விலைபோகாதவை குப்பைமேட்டையும் கடற்கரையையும் சேரும். தெரிவு செய்யும் உரிமை பொதி கட்டியவரிடம் நின்றுவிடுகின்றது. இத்துணிகளை அங்குள்ளோர் ‘இறந்த வெள்ளையரின் உடை’ என்று பொருள்படும் தொடரால் அழைப்பர். உயிரோடிருப்பவர் இவ்வளவு நல்ல உடைகளைக் கழித்திருக்க மாட்டார் என்று எண்ணியமையே இப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. 2025 சனவரியில் ஏற்பட்ட தீ இச்சந்தையின் பெரும்பகுதியை அழித்தபோது வணிகர் பலர் தம் முதலை இழந்தனர்.

தனிமனிதரைப் போலவே நாடுகளுக்கும் இவ்வினா எழுந்தது. தமது நெசவுத் தொழிலை வளர்க்கும் நோக்குடன் கிழக்காபிரிக்க நாடுகள் 2016இல் பழந்துணி இறக்குமதியைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தன. ருவாண்டா கிலோகிராமுக்கு 20 சதமாக இருந்த வரியை 2.50 அமெரிக்க டொலராக உயர்த்தியது. ஐக்கிய அமெரிக்காவின் பழந்துணி வணிகர் சங்கம் தன் அரசிடம் முறையிட்டது. ஏனைய நாடுகள் பின்வாங்கின. ருவாண்டா உறுதியாக நின்றது. அதன் விளைவாக 2018இல் அந்நாட்டு உடைகள் அமெரிக்கச் சந்தையில் பெற்றிருந்த தீர்வைச் சலுகை இடைநிறுத்தப்பட்டது. இறக்குமதித் தடையால் ஆலைகள் தாமாக எழுந்துவிடுமா என்பது விவாதத்துக்குரியது; மலிந்த புத்தாடையின் போட்டியும் உண்டு; பழந்துணியால் வாழும் சிறுவணிகரின் பிழைப்பும் உண்டு. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமைக்கே ஒரு நாடு விலை கொடுக்க நேர்ந்தது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

முடிவுரை

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் தமிழ்நாட்டின் நாகபட்டினக் கரையோரத்துக்குப் பழந்துணிகள் வண்டி வண்டியாக வந்தன. உழைத்து உண்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அவற்றை ஏற்க மறுத்தன. அவை வீதியோரங்களிற் குவிந்து மழையில் நனைந்தன. கொடுத்தோரின் இரக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. எதுவேண்டுமென ஒருவரும் கேட்கவில்லை என்பதே குறை. 1999இல் டில்லியில் அன்சு குப்தா நிறுவிய கூஞ்ச் என்னும் அமைப்பு இதற்கு மாறான வழியொன்றைக் கைக்கொண்டது. கிராம மக்கள் தாமே தெரிந்த குளம், கிணறு, பாதை முதலிய வேலைகளைச் செய்து முடித்து, அவ்வுழைப்புக்கு ஈடாக உடைகளைப் பெறுகின்றனர். ஹெல்ம்ஸ் விலைச்சீட்டினாற் செய்ததை இவ்வமைப்பு உழைப்பினாற் செய்கின்றது.

எமது நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலந்தொட்டு, எம் கிராமத்துப் பெண்கள் தைத்த உடைகள் மேலைநாடுகளின் கடைகளை நிறைத்து வருகின்றன. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் பழந்துணிக் கடைகளில் உடைகளின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பின் எமது நாட்டின் பெயர் அங்கு தைக்கப்பட்டிருக்கக் காணலாம். ஓரிரு முறை உடுத்துக் கழிக்கத்தக்க அளவுக்கு ஓர் உடை மலிவதற்கு அதைத் தைத்தவரின் கூலியும் ஒரு காரணம். பழந்துணிக் குவியலின் உயரம், புத்துணியின் உண்மை விலை எங்கோ ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கப்பட்டதன் அளவுகோலாகும்.

வறியவர் எதை உடுத்தார் என்பதோடு, அதை அவர் தெரிந்தெடுத்தாரா என்பதையும் வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும். றோஸ்மேரி லேனில் பேரம் பேசியவருக்கும் லுசாக்காவில் குவியலைக் கிளறுபவருக்கும் அவ்வுரிமை ஓரளவேனும் இருந்தது. தோளில் எழுத்துத் தைக்கப்பட்டவருக்கு அது இருக்கவில்லை. பிரிக்காத பொதிக்கு விலை கொடுப்பவருக்கு அது இன்றும் இல்லை. தைப்பவரும் உடுப்பவரும் கழித்ததை ஏற்பவரும் ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று சொல்லத்தக்க நிலை எய்தும்வரை பழந்துணியின் வரலாறு முடிவுற்றதாகக் கொள்ளல் இயலாது.